தாக்கோல் வண்டி

இரவு பத்தேகால். மெடிக்கல்ஸ் ஷட்டரை இழுத்துவிட்டுப்
பையைத் துழாவுகிறேன்:
காலாவதியான இருமல் மருந்து, பஸ் டிக்கெட், ஹேர்பின்.
வீட்டுத் தாக்கோல் மட்டும் இல்லை.

சாயங்காலம் ரசவடை தின்ற இடத்தில்
விழுந்திருக்கும் என்று வடசேரிக்கு நடந்தேன்.
தாணுலிங்கம் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.
"தாக்கோலா? ரெண்டு வடைதான் கெடக்கு.
ஊறிப் பஞ்சாட்டம் ஆயிட்டு, பைசா வேண்டாம்."
பெருங்காயம் மூக்கில் ஏற நின்றபடியே தின்றேன்.
தேடப் போனவள்
கை கழுவிவிட்டு வந்தேன்.

மணிமேடைப் பக்கம் மரச்சீனி வண்டி.
றோஸ்லி அக்கா கிழங்கு கிண்டுகிற கரண்டி
வள்ளத் துடுப்புக்குத் தம்பி.
சாளைக் கறியை மேலே ஊற்றி
"தின்னு, பூட்டு எங்கயும் ஓடிராது" என்றாள்.
முள்ளெடுக்கக் குனிந்தால் தரையில் எதுவோ மினுங்கியது:
சோடா மூடி.

ஆட்டோக்காரர்தான் சொன்னார்,
பார்வதிபுரம் பாலத்துக்குக் கீழே
தாக்கோல் கடை ஒன்று ராத்திரியும் உண்டென்று.

பழைய ஆம்னி வேன். பின்கதவு வானத்தைப் பார்த்து.
பலகையில் சிவப்புப் பெயிண்ட்: டாக்கோ.
"டூப்ளிகேட் போடணும்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. பழகிப்போன முகம்.
"தாக்கோலு இல்ல கேட்டியளா. டாக்கோ. திங்குறது."

கிளீட்டஸ், முட்டத்துக்காரன்.
ஒன்பது வருஷம் கப்பல் அடுக்களையில்
வெராகுரூஸ்காரன் எஃப்ராயின் பக்கத்தில் நின்று
வெங்காயம் அரிந்தவன்.
மக்காச்சோளத்தை வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில்
ராமுழுக்க ஊறவைத்து, தோல் கழற்றி, அரைத்து,
உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிச் சுடுகிறான்.
கல்லில் விழுந்ததும் மழை பெய்த மண்ணுக்கும்
சோளப்பொரிக்கும் நடுவில் ஒரு மணம்.
உள்ளே சூரை மீன், புளிப்பு மாங்காய், மல்லி இலை,
காந்தாரி இடித்த துவையல்.

"காந்தாரியக் கடிச்சதும் எஃப்ராயின் அழுதுட்டான்.
இது எங்க ஊருக்காரில்லான்னு சொன்னான்.
மொளகா அந்தக் கரையிலேருந்து கப்பலேறினதாக்கும்.
நமக்கு ஆரும் சொல்லல."

இரண்டாய் மடித்துக் கையில் தந்தான்.
"தலையச் சாய்க்கணும். இதச் சாய்க்கப்பிடாது."
சாய்த்தேன். சாறு முழங்கை வரைக்கும் ஓடியது.
காதில் லாரி இரைச்சல் கொஞ்சம் குறைந்தது.

சாய்ந்த தலைக்குத்தான் தெரிந்தது
கதவோரம் ஆணியில் கொத்தாகத் தாக்கோல்கள்.
ரோட்டில் கண்டெடுத்தவர்கள் பலகையை நம்பி
கொண்டு தந்துவிட்டுப் போகிறார்களாம்.
வேண்டாம்னு சொல்ல வாய் வரல, என்றான்.
புல்லட் ஒன்று, பீரோ மூன்று,
ரப்பர் செருப்புப் பொம்மை தொங்கும் ஒன்று.

என்னுடையது இல்லை.

ஆனால் பச்சை நூல் கட்டிய அந்த நீளப் பித்தளை எனக்குத் தெரியும்.
மெடிக்கல்ஸ் ஷட்டருக்கானது. ஆனி மாதச் சாரலில்
நான் தொலைத்ததாகச் சொல்லி, புதுப் பூட்டுக்கு
சம்பளத்தில் அறுநூற்றைம்பது பிடித்தார் முதலாளி.
"இத ஆரு தந்தா?"
"ஒரு பய. வெள்ளை ஸ்கூட்டர்லேருந்து விழுந்துச்சாம்.
பொறத்தால கூப்பிட்டானாம். அவரு நிக்கல."

எனக்கு ஸ்கூட்டர் கிடையாது.

திறக்க இனி எதுவும் இல்லாத ஒன்றை
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
ஆணியில் திரும்ப மாட்டப் போனேன்.
மாட்டவில்லை.
இருமல் மருந்துக்குப் பக்கத்தில் போட்டேன்,
காலையில் கல்லாப்பெட்டி மேல் வைக்க.

வீட்டுக்கார அம்மா ஆறு மணிக்குத்தான் எழுவாள்.
ஆரல்வாய்மொழிக் காற்று வேனை லேசாக ஆட்டுகிறது.
"இன்னொண்ணு போடுங்க" என்றேன்.
"காந்தாரி?"
"கூட."